புதுக் குழாய் முதலில்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. போர்ட்டிக்சன் கடற்கரையில் நிற்கும் அந்தப் பெரிய விடுதியின் ஏழாவது மாடியில் துளைக் கருவிகளின் வயர்கள் சுருட்டப்பட்டுவிட்டன. உடைத்த தரை ஓடுகள் மூட்டைகளாகக் கட்டி ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன. கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். முதல் கார்கள் அந்தி சாய்வதற்குள் வந்துவிடும். பின்னிருக்கையில் நீச்சல் வளையத்தோடு பிள்ளைகள், முன்னால் பாட்டி, மடியில் தூக்குச்சட்டி. விடுதியில் வேலை நடக்கிறது என்று முன்பதிவின்போதே அவர்களிடம் சொல்லியாயிற்று. உறக்கம் கெடாது என்றும் சொல்லியாயிற்று. அதை நம்பித்தான் வருகிறார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி வரை அந்த மாடியில் ஒரு சுத்தியல் சத்தமும் எழக் கூடாது.

இதை எழுதுபவர் அந்தப் புதுப்பிப்பு வேலைக்கு மேலாளராக இருந்தவர். கட்டடத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்; அதில் பாதிக்காலம் ஆட்கள் வெளியேறாத கட்டடங்களில் கழிந்தது. காலி மனையில் கட்டுவது ஒரு தொழில், ஆள் குடியிருக்கும் கட்டடத்தைப் புதுப்பிப்பது முற்றிலும் வேறு தொழில் என்பது அவர் கட்சி. முதல் தொழிலை அவர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தார். இரண்டாவதைக் கற்றது போர்ட்டிக்சனுக்கும் சிலியாவுக்கும் இடையில், ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், எட்டு வயதில்.

1966-இல் மலேசியாவில் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அதன் பிறகு தோட்டங்களில் பழைய பலகை லயங்களை இடித்துவிட்டுக் கல்வீடுகள் கட்டும் வேலை மெல்ல மெல்ல நடந்தது. அவர் பிறந்த தோட்டத்துக்கு அது வந்து சேர்ந்தபோது 1970-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. எவரையும் வெளியே அனுப்ப வழியில்லை. போக இடம் ஏது? பால்வெட்டும் நிற்க முடியாது. ஆகவே திடலின் ஓரத்தில் முதலில் ஒரு வரிசை புது வீடுகள் எழுந்தன. முதல் லயத்துக் குடும்பங்கள் சட்டி பானையோடு அங்கே மாறின. காலியான லயத்தை இடித்து அதே இடத்தில் அடுத்த வரிசை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர்ப் பதிவுக்கு, மணி அடிக்கும். ஆட்கள் வெட்டுக்குப் போவார்கள், சிறுபிள்ளைகள் ஆயாக்கொட்டகைக்குப் போகும், இடையே வீடுகள் ஒவ்வொரு வரிசையாக இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது லயத்தின்போது தவறு நேர்ந்தது. புது வரிசைக்குத் தண்ணீர் இழுக்கும் முன்பே, இடிக்க வந்தவர்கள் பழைய பொதுக் குழாயை வெட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் தண்ணீர் இல்லை. காலையில் தோளில் பால் சுமந்த காண்டாக்கம்பிலேயே மாலையில் ஆற்றுத் தண்ணீரைச் சுமந்தார் அவருடைய அம்மா. தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் முறையிடப் போன பெண்களில் அவரும் ஒருவர்.

“புதுக் கொழாயப் போட்டுட்டு அப்புறம் பழச வெட்டியிருக்கலாமுங்களே, ஐயா?”

கிராணியிடம் பதில் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்த பணி அலுவலகத்தின் வெள்ளைப் பலகையில் முதல் விதியாக மகன் எழுதியது அந்தக் கேள்வியைத்தான். கேள்விக்குறியை மட்டும் எடுத்துவிட்டார்.

தோட்டத்திடமிருந்து எடுத்துக்கொண்ட மற்றொன்று மறுநடவுக் கணக்கு. பால்மரம் நட்டு ஆறேழு ஆண்டுகள் கழித்துத்தான் உளி படும். அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பால் தரும். கிழட்டு மரங்களை அழித்து நல்ல இனக் கன்றுகளை நட 1952-இல் மலாயாவில் ரப்பர் மறுநடவு நிதியே ஏற்படுத்தினார்கள். ஆனால் எந்தத் துரையும் முழுத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் அழிக்க மாட்டார். அழித்தால் ஆறேழு ஆண்டுகளுக்கு வரும்படி இல்லை, சம்பளமும் இல்லை. ஆண்டுக்கு ஒரு துண்டு அழியும், ஒரு துண்டு நடப்படும், முன்பு நட்ட ஒரு துண்டு வெட்டுக்கு வரும். நட்ட ஆண்டையே காட்டுக்குப் பெயராக வைப்பார்கள். பின்னாளில் நெகிரி செம்பிலானின் ரப்பர்க் காடுகள் செம்பனைக்கு மாறியபோதும் கணக்கின் வடிவம் மாறவில்லை. செம்பனை மூன்றாவது ஆண்டில் காய்க்கத் தொடங்கும், இருபத்தைந்தில் அழிக்க வேண்டிய உயரத்துக்கு வளர்ந்துவிடும். ஆகவே ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பங்கு மறுநடவு.

விடுதியின் மூடிய மாடி பால் தராத இளங்காடு. எத்தனை மாடியை ஒரே நேரத்தில் மூடலாம் என்பதை முடிவு செய்வது பொறியாளர் அல்லர், கணக்கர். வங்கித் தவணை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம் மூன்றையும் திறந்திருக்கும் அறைகள் தாங்க வேண்டும். போர்ட்டிக்சனின் போக்கு கடற்கரை ஊர்களுக்கே உரியது: வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் அறை கிடைக்காது, திங்கள் முதல் வியாழன் வரை கருத்தரங்குக் கூட்டம் வந்தால் உண்டு. அதனால் சத்தமுள்ள வேலை நான்கு நாள், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. வெள்ளிக்கிழமை சாயம், பொருத்துதல், அளவெடுப்பு. நோன்புப் பெருநாள், தீபாவளி, சீனப் புத்தாண்டு, தைப்பூசம் வரும் வாரங்களில் குத்தகையாளரின் அட்டவணையே வெள்ளையாக இருக்கும். அந்த நாட்களையும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார். இதை எழுதாமல் விட்டு, பிறகு வழக்கில் மாட்டிய விடுதிகள் அவருக்குத் தெரியும்.

கான்கிரீட் சத்தத்தை விழுங்காது, கடத்தும். ஏழாம் மாடித் தரையில் துளை போட்டால் எட்டாம் மாடியில் கட்டில் அதிரும். ஆறாம் மாடியில் பல் வைத்தியர் அறையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். எனவே வேலை நடக்கும் மாடிக்கு மேலே ஒரு மாடி, கீழே ஒரு மாடி காலியாக விடப்பட்டது. இந்த வெற்று மாடிகளைப் பார்த்து முதலாளி தரப்பு வருந்தியது இயல்புதான். ஒரு வாரம், வெள்ளிக்கிழமை மட்டும், அவற்றில் ஒன்றை விற்றுப் பார்த்தார்கள். மறுநாள் காலைக்குள் திருப்பிக் கொடுத்த பணமும் இலவசமாகக் கொடுத்த சிற்றுண்டியும் அந்த மாடியின் வருமானத்தைத் தாண்டின. அத்தனைக்கும் அன்று இரவு எவரும் துளை போடவில்லை. சாயத்தின் வாடை குளிர்சாதனக் காற்றுவழியில் இறங்கியிருந்தது, அவ்வளவே. அதற்குப் பிறகு மூடிய மாடியின் காற்றுவழிகள் தகடு வைத்து அடைக்கப்பட்டன. அங்கே காற்று வெளியே இழுக்கப்படும்படி விசிறி வைத்தார்கள். தூசி தாழ்வாரத்துக்கு வராமல் சன்னல் வழியே போய்விடும்.

ஆனாலும் சத்தமும் தூசியும் அவருக்குப் பெரிய தலைவலி அல்ல. தலைவலி தண்ணீர்தான்.

விருந்தினர் அறைகளை மாடி மாடியாக மூடலாம். குழாய்கள் மாடியைப் பார்ப்பதில்லை. இரண்டாம் மாடி முதல் பதினோராம் மாடி வரை, ஒரே எண்ணில் முடியும் அறைகளின் குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அவற்றுக்குப் பொதுவாக ஒரு டக்ட். அதற்குள் தண்ணீர், சுடுநீர், கழிவு என்று எல்லாமே மேலிருந்து கீழாக ஓடும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை ஏழாம் மாடியில் வெட்டினால், மூன்றாம் மாடியில் தலையில் ஷாம்புவோடு நிற்பவருக்குத் தண்ணீர் நின்றுவிடும். இடையில் அடைக்க வால்வுகள் உண்டு என்று வரைபடம் சொன்னது. கடல் காற்றில் முப்பது ஆண்டு கிடந்த வால்வு திருகினால் மூடாது. பிடி மட்டும் கையோடு வரும். சில இடங்களில் வால்வே இல்லை. வரைபடத்தை நம்பிச் சுவரை உடைத்த முதல் நாளே இது தெரிந்துவிட்டது.

கட்டடத்தை வரைபடத்தைவிட நன்றாக அறிந்தவர் அங்கே ஒருவர் இருந்தார். அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் மூத்த பணியாளர். அவரும் தோட்டத்துப் பெண்தான். தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனையான பிறகு, தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் குடியேறி, விடுதி வேலைக்கு வந்தவர். அந்த வட்டாரத்து விடுதிகளில் படுக்கை விரிப்பவர், சலவை பார்ப்பவர், தோட்டம் கூட்டுபவர் என்று இப்படி வந்தவர்கள் பலர். திட்டக் கூட்டங்களுக்கு இவர்களைக் கூப்பிடும் வழக்கம் எங்கும் இல்லை. மேலாளர் கூப்பிட்டார்.

“தம்பி, பதினொண்ணாம் நம்பர் வரிசையில காலைல எட்டு மணிக்குத் தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வரும். நாங்க அந்த ரூம வயசானவங்களுக்குக் குடுக்கச் சொல்லமாட்டோம்.”

“எத்தனை வருசமா அக்கா?”

“நான் வந்த நாள்லேருந்து. புக்குல எழுதியிருக்கோம். யாரு படிச்சா?”

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். எந்த அறையில் சுடுநீர் வரத் தாமதம், எந்தக் குளியலறையில் கழிவு வாடை மேலேறும், எந்தக் கூரையில் மழைக்குப் பிறகு ஈரம் தெரியும், எல்லாம் தேதியோடு இருந்தன. பதினோராம் வரிசையின் டக்டைத் திறந்தபோது, இரும்புக் குழாயின் உட்பக்கம் துரு ஏறிச் சுண்டுவிரல் நுழையும் அளவே வழி மிஞ்சியிருந்தது. மாடி வரிசைப்படி வேலை தொடங்குவதாக இருந்த திட்டத்தை அந்தப் புத்தகத்தை வைத்துத் திருத்தினார்கள். மோசமான குழாய் வரிசைகள் முதலில்.

முறை எளிமையானது, செய்வது கடினம். ஒவ்வொரு டக்டிலும் பழைய குழாய்க்கு அருகிலேயே புதுக் குழாய் மேலிருந்து கீழ்வரை இறக்கப்பட்டது. நீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுவதும் முள் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஒவ்வொரு மாடியும் புதுப்பித்து முடிந்ததும் புதுக் குழாயில் சேரும். மீதி மாடிகள் பழையதிலேயே குடிக்கும். ஆக, பல மாதங்கள் அந்தக் கட்டடத்தின் உடம்பில் இரண்டு இரத்த ஓட்டங்கள் இருந்தன. கழிவுக் குழாய்க்கு இந்த வசதி இல்லை. அது சரிவில் ஓடுவது, இரண்டுக்கு இடம் கிடையாது. அதை மாற்றும் நாட்களில் அந்த வரிசையில் மேலுள்ள அறைகள் அனைத்தும் காலியாக வைக்கப்பட்டன. செவ்வாய், புதன், காலை பதினொன்று முதல் மூன்று மணிக்குள்.

இதைவிடப் பெரிய அளவில், இதைவிட வேதனையான சூழலில் செய்தவர்கள் இருக்கிறார்கள். மும்பையின் தாஜ்மஹால் பேலஸ் 1903 டிசம்பரில் திறந்த விடுதி. 2008 நவம்பர் 26-இல் தொடங்கிய தாக்குதலில் அதன் பழைய அரண்மனைக் கட்டடம் தீயில் கருகியது. பக்கத்திலிருந்த கோபுரக் கட்டடத்தை அதே ஆண்டு டிசம்பர் 21-இல் திறந்துவிட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அரண்மனைப் பகுதி முழுதாகச் சீரமைந்து திறந்தது 2010 ஆகஸ்டு 15. இடைப்பட்ட இருபது மாதங்கள் ஒரு பக்கம் விருந்தினர், மறுபக்கம் சீரமைப்பு. பினாங்கில் சார்க்கீஸ் சகோதரர்கள் 1885-இல் நிறுவிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியும் 2019-இல் பழைய கட்டடத்தை மூடிப் புதுப்பித்தபோது, 2013-இல் எழுந்த விக்டரி அனெக்ஸில் ஆட்களைத் தங்கவைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு இடத்திலும் தனித்தனிக் கட்டடம் இருந்தது. போர்ட்டிக்சனில் ஒரே கட்டடம். எல்லைக்கோட்டை அவர்களே கிழிக்க வேண்டியிருந்தது. கிழித்த கோட்டைத் தினமும் காக்கவும் வேண்டியிருந்தது.

அந்தக் கோடு ஒருமுறை அறுந்தது. சுவர் தேய்க்கும்போது எழும் தூசி புகை உணர்கருவிகளைப் பொய்யாக எழுப்பிவிடும்; ஆகவே காலையில் அவற்றுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, மாலையில் கழற்ற வேண்டும். ஒருநாள் மாலை ஆறு மணிச் சுற்றில், ஆட்கள் போய்விட்ட மாடியில் ஒன்பது கருவிகள் உறையோடு இருந்ததைக் கண்டார். அந்தக் கட்டடத்தில் அன்றிரவு விருந்தினர் உறங்கப் போகிறார்கள். மேற்பார்வையாளர் சொன்ன காரணம் எளியது: நாளைக் காலை மறுபடி போடத்தானே வேண்டும்! ஒன்பதையும் ஏணி போட்டுத் தாமே கழற்றினார். மறுநாளிலிருந்து இரண்டு நாள் முழு வேலையையும் நிறுத்தினார். முதலாளிக்கு வருத்தம், குத்தகையாளருக்குக் கோபம், நட்டம் இருவருக்கும். அவர் மசியவில்லை. அதன் பிறகு உறைகள் எல்லாம் சிவப்பு நிறம், எல்லாவற்றிலும் எண். காலையில் எண்ணிக் கொடுப்பது, மாலையில் எண்ணி வாங்குவது. ஓர் உறை குறைந்தாலும் எவரும் வீட்டுக்குப் போக முடியாது. தோட்டத்தில் உளியும் வாளியும் கணக்குப் பார்த்த முறைதான்.

வெல்டிங் வேலை முடிந்த இடத்தில் ஒரு மணி நேரம் ஓர் ஆள் தீயணைப்பானோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் அவரிடம் விலக்கில்லாத விதி. வேலையில்லாமல் ஒருவரை உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பதா என்று கேட்பவர்களிடம் லண்டனைச் சொல்வார். ஹைட் பார்க் ஓரத்திலுள்ள மாண்டரின் ஓரியண்டல் விடுதியில் பெரும் செலவில் புதுப்பிப்பு முடிந்த சில நாட்களிலேயே, 2018 ஜூன் 6-ஆம் தேதி தீப்பிடித்தது. வெல்டிங் வேலையிலிருந்து மூண்ட தீ. அணைக்க 120 வீரர்கள் வந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரும்பேறு. ஆனால் அந்த விடுதி முழுமையாக மீண்டும் இயங்க அடுத்த ஆண்டு ஆகிவிட்டது.

மூடிய மாடியில் இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. குழாயில் வாரக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் பெருகும். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய நிமோனியாவால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. 29 பேர் இறந்தார்கள். இருபது முதல் நாற்பத்தைந்து டிகிரி வரை அது செழிக்கும் என்கிறார்கள். குளிர் நாட்டில் சுடுநீர்க் குழாயைக் கவனித்தால் பெரும்பாலும் போதும்; நம் நாட்டில் சாதாரணத் தண்ணீரே அந்த வெப்பத்தில்தான் தொட்டியில் நிற்கிறது. ஆகவே காலியான மாடிகளிலும் வாரந்தோறும் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார்கள். ஒரு மாடியைத் திரும்ப ஒப்படைக்குமுன் கழுவி, மருந்திட்டு, மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சோதனை முடிவு வரும் வரை அறை விற்பனைக்கு இல்லை. விற்பனைப் பிரிவு எத்தனை முறை தொலைபேசினாலும் பதில் அதுவே.

வேலை செய்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று பல நாட்டுக்காரர்கள். கொங்சி எனும் தொழிலாளர் குடியிருப்பில் தங்கி வந்தவர்கள். பின்வாசல் வழியாக வரட்டும், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்பதுதான் விடுதிகள் முதலில் கேட்பது. வழி பின்வாசலாக இருக்கலாம். ஆனால் உட்கார்ந்து சாப்பிட மேசை, தொழ இடம், சுத்தமான கழிப்பறை இவை தயாராகாமல் முதல் சுவரை உடைக்க அவர் விடவில்லை. அவருடைய பாட்டனும் இப்படி ஒரு கப்பலில் வந்து இறங்கியவர்தான். அவர்களுக்கு வேலையின் காரணத்தையும் சொல்லிக்கொடுத்தார்: கீழே ஒரு குழந்தை தூங்குகிறது, அதனால்தான் ஐந்து மணிக்கு நிறுத்துகிறோம். காரணம் தெரிந்த ஆள் ஐந்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கருவியை வைத்துவிடுவார்.

திறந்து வைத்தே எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று நினைப்பதும் பிழை. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதி 2017-இல் புதுப்பிப்பைக் கட்டம் கட்டமாகத் திறந்தபடியே தொடங்கியது; ஆனால் மையக் கட்டடத்தின் முறை வந்தபோது, அந்த ஆண்டு டிசம்பரில் முழுதாக மூடியது. 2019 ஆகஸ்டில்தான் மறுபடி திறந்தது. அந்த முடிவை அவர் மதித்தார். போர்ட்டிக்சனில் முதன்மை மின்பலகையை மாற்றும் வேளை வந்தது. ஜெனரேட்டரை வைத்து ஓட்டலாம் என்றார்கள். தண்ணீரேற்றும் பம்பு, மின்தூக்கி, தீயணைப்புப் பம்பு மூன்றும் ஒரே ஜெனரேட்டரை நம்பி நிற்கும். அது நின்றால் பதினோரு மாடியும் இருட்டு. மூன்று நாள் மூடச் சொன்னார். ஜனவரியில் பள்ளிகள் திறக்கும் வாரத்தைத் தேர்ந்தெடுத்து மூடினார்கள். அந்த மூன்று நாளும் ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்கப்பட்டது; அவர் அதை எழுத்தில் வாங்கிய பிறகே நாள் குறித்தார்.

விடுதி புதுப்பிக்க நினைக்கும் முதலாளிகளிடம் அவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வரைபடக்காரரைக் கூப்பிடும் கூட்டத்துக்கு அறை சுத்தம் செய்யும் பெண்களையும் கூப்பிடுங்கள். அவர்களுடைய புத்தகத்தைப் படியுங்கள்.

கடைசிக் குழாய் வரிசையில் பழைய குழாயை வெட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. புதியதில் தண்ணீர் ஓடி எட்டு நாளாகியிருந்தது. அந்த அக்கா பதினோராம் மாடியிலிருந்து இரண்டாம் மாடி வரை இறங்கி, ஒவ்வொரு குளியலறையிலும் குழாயைத் திறந்து பார்த்துக் கையெழுத்திட்டார். அன்றிரவு பல மாடிகளில் ஆட்கள் தங்கியிருந்தார்கள். மறுநாள் புகார் ஏட்டில் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.